வேலையில்லாத் திண்டாட்டம்: கட்டுரைச் சட்டகமும் தோட்டத் தமிழர் வரலாறும்

முன்னுரை

நம் இடைநிலைப் பள்ளிகளில் தமிழ்மொழி பயிலும் மாணவர் எழுதும் பொதுக் கட்டுரைகளுள் வேலையில்லாத் திண்டாட்டத்தின் விளைவுகள் பற்றியது நெடுங்காலமாக நிலைத்து நிற்கும் ஒன்று. அதற்குரிய சட்டகமும் ஏறக்குறைய உறுதிப்பட்டுவிட்டது. முன்னுரையில் உழைப்பின் உயர்வு. முதற் கருத்தாகக் குடும்ப வருமானம் குன்றுதல். அடுத்து நாட்டின் உற்பத்தி தளர்தல். பின்னர்க் குண்டர் கும்பல், போதைப் பொருள், திருட்டு ஆகிய சமூகச் சீர்கேடுகள். முடிவுரையில் இளைஞர் சோம்பலைக் களைந்து கைத்தொழில் கற்க வேண்டும் என்னும் அறிவுரை. இடையில் வள்ளுவர் ஒருமுறை வந்து போவார். இச்சட்டகத்தை நாமும் கற்பித்திருக்கிறோம்; அதன்படி எழுதப்பட்ட நூற்றுக்கணக்கான விடைத்தாள்களுக்கு மதிப்பெண்ணும் இட்டிருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாதிரித் தேர்வின் விடைத்தாளில், தோட்டக் குடும்பத்தைச் சேர்ந்த மாணவி ஒருவர் சட்டகத்தின் நடுவே ஒரு பத்தியைத் தாமாக எழுதியிருந்தார். பாட்டி பால்வெட்டிய தோட்டம் விற்கப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆயினும் அடுக்குமாடி வீட்டில் பாட்டி இன்னும் விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து, விளக்கைப் போடாமல் கூடத்தில் அமர்ந்திருப்பார் என்பதே அப்பத்தி. அதன் ஓரத்தில் 'தலைப்புக்குப் புறம்பானது' என்று சிவப்பு மையால் எழுதியவர் நாமே. அக்குறிப்பு பிழையானது என்பதை உணர நமக்குச் சில காலம் ஆயிற்று. அந்தப் பத்தி ஏன் தலைப்புக்குப் புறம்பானதன்று என்பதையும், அதை ஏற்க இயலாத சட்டகம் நம் சமூகத்தைப் பற்றி நம் மாணவருக்கு எதைக் கற்பித்து வந்துள்ளது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டகம் காணும் விளைவுகள்

சட்டகம் கூறுவன அனைத்தும் பொய்யென்பது நம் கருத்தன்று. வேலை போனால் வருமானம் போகும். வருமானம் போனால் கடனும் பட்டினியும் வரும். நெருக்கடிக்குள்ளான குடும்பத்தில் பூசலும் குடியும் பெருகக்கூடும். இவை யாவரும் அறிந்தவை. சட்டகத்தின் குறை வேறிடத்தில் உள்ளது. அது வேலையைக் கூலியாக மட்டுமே காண்கிறது. ஆதலின், வேலை இழப்பைக் கூலி இழப்பாக மட்டுமே அளக்கிறது. கூலியால் விளக்க இயலாத துன்பத்தை எதிர்கொள்ளும்போது, அதை ஒழுக்கக் கேடாக மாற்றிவிடுகிறது. முதலிற் பொருளாதாரம், பிறகு குற்றம் என்னும் வரிசை இவ்வாறே அமைகிறது. இடையில் இருக்க வேண்டிய மனிதர் காணாமற் போகிறார்.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. சட்டகத்தில் வேலை இழப்பவர் பெயரில்லாதவர். ஊரும் காலமும் இல்லாதவர். அவர் வேலையை எவர் எடுத்தனர், எந்த முடிவால் எடுத்தனர் என்னும் வினா எழுவதேயில்லை. மழையின்மை போல வேலையின்மையும் எங்கிருந்தோ வருகிறது. காரணம் சொல்லப்படாத இடத்தில் பழி தங்குவதற்கு ஓர் இடம் வேண்டும். அது இளைஞரின் சோம்பலில் சென்று தங்குகிறது.

மரியந்தால் ஆய்வு தரும் ஒளி

வேலையின்மை பற்றிய சமூகவியல் ஆய்வுகளுள் முன்னோடியாக மதிக்கப்படுவது, ஆஸ்திரியாவின் மரியந்தால் என்னும் சிற்றூரைப் பற்றி மேரி யகோடா, பால் லாசர்ஸ்பெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர் 1933இல் வெளியிட்ட நூலாகும். அயல்நாட்டில் முனைவர் பட்ட ஆய்வில் ஈடுபட்டிருந்தபோது அந்நூல் நம் கைக்கு வந்தது. வியன்னாவுக்கு அண்மையிலிருந்த அவ்வூர் முழுவதும் ஒரே நெசவாலையை நம்பி வாழ்ந்தது. 1929, 1930 ஆகிய ஆண்டுகளில் ஆலை படிப்படியாக மூடப்பட்டபோது, ஊரிலிருந்த 478 குடும்பங்களுள் பெரும்பாலானவை வேலை இழந்தன.

ஆய்வாளர் அங்கே கண்டவை சட்டகத்தில் இடம்பெறாதவை. ஓய்வு நேரம் பெருகியிருந்தும், கட்டணம் நீக்கப்பட்டிருந்தும், ஊர் நூலகத்தில் இரவல் பெறப்பட்ட நூல்களின் எண்ணிக்கை இரண்டே ஆண்டுகளில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. தெருவில் ஆண்களின் நடை வேகம் தளர்ந்தது. நடப்போர் அடிக்கடி நின்றனர். ஒரு நாளை எவ்வாறு கழித்தீர்கள் என்று கேட்டால் ஆண்களால் கோவையாகச் சொல்ல இயலவில்லை. பெண்களுக்கோ வீட்டுவேலை எஞ்சியிருந்ததால் அவர்களின் நாள் முற்றிலும் சிதையவில்லை. இவ்வனுபவத்தைப் பிற்காலத்தில் கோட்பாடாக விரித்த யகோடா, வேலை கூலியை மட்டுமன்றி ஐந்து நலன்களை மறைமுகமாகத் தருகிறது என்றார்: நாளுக்கு ஓர் ஒழுங்கு, குடும்பத்துக்கு அப்பாற்பட்ட உறவு, கூட்டு நோக்கம், சமூகத்தில் ஓர் இடம், இடையறாத செயற்பாடு.

நான்கு மணிக்கு எழுந்து இருட்டில் அமர்ந்திருக்கும் பாட்டியை இக்கோட்பாட்டின் துணைகொண்டு நோக்கினால், மாணவி எழுதிய பத்தி வேலையின்மையின் சமூக விளைவு பற்றிய நேரடிச் சான்று என்பது புலனாகும். கூலி நின்று பல்லாண்டு கழிந்தும் பெரட்டு மணி உடலில் நிற்கவில்லை.

ஆயினும் மரியந்தாலை அப்படியே நம் தோட்டத்தின்மேற் பொருத்திவிட இயலாது. மரியந்தால் மக்கள் ஆலை மூடிய பின்பும் அதே ஊரில், அதே வீட்டில் இருந்தனர். பெரும்பாலோர்க்கு ஓரளவேனும் உதவித்தொகை கிடைத்தது. மலாயாத் தோட்டத் தொழிலாளரின் நிலை வேறு. அவருக்கு வேலையும் லயத்து வீடும் ஒரே கையிலிருந்து வந்தன. பிள்ளையின் தமிழ்ப்பள்ளி, ஆயாக் கொட்டகை, மருந்தகம், மாரியம்மன் கோயில் ஆகிய யாவும் தோட்டத்தின் எல்லைக்குள் இருந்தன. வேலை போன நாளில் இவை அனைத்தும் ஒருசேரப் போயின. நம் வரலாற்றில் வேலையின்மை என்பது ஊரின்மை. இதை மூன்று காலகட்டங்களில் காண்போம்.

1930 முதல் 1932 வரை: கப்பலேறிய வேலையின்மை

உலகப் பொருளாதார மந்தத்தின்போது இரப்பர் விலை வீழ்ந்தது. 1929இல் இறாத்தலுக்குச் சராசரி 34 காசு அளவில் இருந்த விலை 1932இல் 7 காசு அளவுக்கு இறங்கியது. ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்த நாட்கூலி முதலில் ஐந்தில் ஒரு பங்கு வெட்டப்பட்டது. பிறகு மேலும் குறைந்தது. தோட்டங்களில் வேலை செய்த இந்தியத் தொழிலாளரின் எண்ணிக்கை 1929இல் ஏறத்தாழ 258,000 ஆக இருந்து, 1932இல் ஏறத்தாழ 145,000 ஆகச் சுருங்கியது.

வேலை இழந்தோர் எங்கே சென்றனர்? அவர்களுள் மிகப் பலரைக் குடியேற்ற நிதியின் செலவிலே காலனி அரசு கப்பலேற்றியது. 1930 முதல் 1932 வரையிலான மூன்றாண்டுகளில் இவ்வாறு திருப்பி அனுப்பப்பட்டோர் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டவர். ஆளைக் கொண்டுவருவதற்கென்று 1907இல் ஏற்படுத்தப்பட்ட நிதி, ஆளைத் திருப்பி அனுப்பவும் பயன்பட்டது. அவர்கள் சென்றடைந்த சென்னை மாகாணத்தின் வேளாண்மையும் அதே விலை வீழ்ச்சியில் சிக்கியிருந்தது. மலாயா தன் வேலையின்மையைத் தீர்க்கவில்லை. அதை ஏற்றுமதி செய்தது. 1934இல் இரப்பர் விலை மீண்டபோது ஆளெடுப்பும் மீண்டும் தொடங்கியது. மலாயாவின் கணக்கேடுகளில் இம்மக்கள் வேலையற்றோராகப் பதிவாகவில்லை. 'தாயகம் திரும்பியோர்' என்றே பதிவாயினர். மலாயாவிற் பிறந்த பிள்ளைகளுக்கு அது எவ்வாறு தாயகமாகும் என்னும் வினா அப்பெயரின் அடியில் மறைந்துபோயிற்று.

துண்டாடலும் வேலை அனுமதியும்

இரண்டாம் கட்டம் 1950களில் தொடங்குகிறது. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பியர் பலர் தம் தோட்டங்களை விற்றனர். வாங்கியோர் அவற்றைச் சிறுசிறு பகுதிகளாகப் பிரித்து மறுவிற்பனை செய்தனர். இதனையே நம்மவர் தோட்டத் துண்டாடல் என்றனர். 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த துண்டாடலைப் பற்றி மலாயாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் உங்கு அசிஸ் தலைமையில் விரிவான ஆய்வு மேற்கொள்ளப்பட்டது என்பதே இச்சிக்கலின் பருமையைக் காட்டும். சிறுதுண்டுகளின் புதிய உடைமையாளர்க்கு நிலையான ஆட்படையும் தேவைப்படவில்லை, லயமும் தேவைப்படவில்லை.

இந்நெருக்கடிக்கு நம் சமூகம் தந்த மறுமொழி சட்டகத்தின் அறிவுரைக்கு நேர்மாறானது. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர் மாதம் 10 வெள்ளியாகச் சேமித்து 100 வெள்ளிப் பங்கு வாங்கினர்; விற்பனைக்கு வந்த தோட்டங்களைச் சங்கம் வாங்கியது. வேலையின்மையின் முன் கைகட்டி நின்ற கூட்டமாக மட்டும் தோட்டத் தமிழரைக் காட்டுவது வரலாற்றுக்கும் பொருந்தாது. எனினும் விற்கப்பட்ட நிலத்தின் பரப்போடு ஒப்பிட, சங்கம் காக்க முடிந்தது ஒரு பகுதியே.

இதன்மேல் வந்து விழுந்தது 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம். குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்னும் விதி 1969 முதல் நடைமுறைக்கு வந்தபோது, சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தோட்டத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தனர். ஏறத்தாழ 60,000 பேர் இந்தியாவுக்குச் சென்றனர் என்பது ஆய்வாளர் பலரும் எடுத்தாளும் கணிப்பு. இம்முறையும் வேலையின்மை கப்பலேறியது. செல்லாமல் நின்றவர்களின் கதை வேறு. குடியுரிமையற்ற தமிழ்த் தொழிலாளர் 1980களில் பகாங்கின் நில மேம்பாட்டுத் திட்டம் ஒன்றிற்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொத்தடிமைகளாக வதைபட்ட நிகழ்ச்சியைக் கோ. புண்ணியவான் 'செலாஞ்சார் அம்பாட்' நாவலின் கருவாக்கினார். வேலை தேடும் நிலையிலுள்ள மனிதரை எவரும் எங்கும் கொண்டுபோகலாம் என்னும் உண்மையை நம் கட்டுரைப் பயிற்சிகளைவிடப் படைப்பிலக்கியம் முன்னரே அறிந்திருக்கிறது.

செம்பனையும் வீடமைப்பும்

மூன்றாம் கட்டம் நம்முள் பலர் கண்ணாற் கண்டது. இரப்பர் அழிந்து செம்பனை பரவியது. நகரை ஒட்டிய தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் நெடுஞ்சாலைக்கும் நிலமாயின. செம்பனைக்குப் பால்வெட்டைப் போல அத்தனை கைகள் தேவையில்லை. குலை அறுப்பது ஆண்களின் வேலையாகவே பெரிதும் அமைந்ததால், கணவனுக்கு நிகராகப் பால்வெட்டிக் கூலி பெற்ற பெண்ணின் வருமானம் முதலில் மறைந்தது. 1984இல் இந்தோனேசியாவுடன் மேடானில் ஏற்பட்ட உடன்பாட்டிற்குப் பின் அயல்நாட்டு ஒப்பந்தத் தொழிலாளரின் வருகை பெருகியது. உள்ளூர்த் தொழிலாளர் கூலி உயர்வு கேட்கும் வலிமை குன்றியது. வந்தவர் மீது பழி சுமத்துவது இங்கும் எளிது. ஆனால் ஒரு நூற்றாண்டுக்கு முன் நம் முன்னோர் நின்ற இடத்தில்தான் அவர்கள் நின்றனர்.

தோட்டம் விற்கப்பட்டபோது தொழிலாளர் பெற்றது என்ன? 1980ஆம் ஆண்டின் பணிநீக்க ஈட்டுத்தொகை விதிகளின்படி, ஐந்தாண்டும் அதற்கு மேலும் பணியாற்றியவர்க்கு ஆண்டொன்றுக்கு 20 நாட் கூலி. இருபத்தைந்து ஆண்டு உழைத்தவர்க்கு 500 நாட் கூலி. கூலி இழப்புக்கு ஈடு என்னும் அளவில் அதற்கொரு கணக்குண்டு. லயத்து வீட்டுக்கு அதில் கணக்கில்லை. வீட்டுக் கொல்லையில் வளர்த்த கோழிக்கும் மாட்டுக்கும் கீரைப் பாத்திக்கும் கணக்கில்லை. இவையே குறைந்த கூலியில் குடும்பத்தைக் காத்தவை. பள்ளிக்கும் கோயிலுக்கும் இடுகாட்டுக்கும் கணக்கில்லை. 1957இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 530க்கும் குறைவாக இருப்பதன் காரணங்களுள் தோட்டச் சிதைவு முதன்மையானது. ஆகவே வேலையின்மையின் சமூக விளைவுகளைப் பட்டியலிடும் தமிழாசிரியர், தம் பள்ளியின் மாணவர் பதிவேட்டையும் அப்பட்டியலில் சேர்க்க வேண்டியவராகிறார்.

புள்ளிவிவரம் இக்கட்டத்திலும் நமக்குத் துணை நிற்கவில்லை. கணக்கெடுப்புக்குரிய வாரத்தில் ஒரு மணி நேரமேனும் வேலை செய்தவர், வேலையில் உள்ளவராகவே கொள்ளப்படுவார் என்பது தொழிலாளர் கணக்கெடுப்பின் வரையறை. தோட்டத்தை விட்டு வெளியேறிக் காவலாளியாகவோ துப்புரவுப் பணியாளராகவோ நாட்கூலிக்குச் சேர்ந்தவர் வேலையற்றவர் அல்லர். பால்வெட்டை இழந்து அடுக்குமாடி வீட்டில் முடங்கிய பெண், இல்லத்தரசி என்னும் பெயரில் தொழிலாளர் படைக்கு வெளியே வைக்கப்படுகிறார். அவரும் வேலையற்றவர் அல்லர். 1990களில் நாட்டின் வேலையின்மை விகிதம் பெரும்பாலும் 4 விழுக்காட்டுக்குக் கீழ் நின்று, 'முழு வேலைவாய்ப்பு' என்று போற்றப்பட்டது. அதே பத்தாண்டில்தான் தோட்டத் தமிழர் திரள்திரளாக வெளியேறினர். அந்த எண் பொய்யன்று. அது கேட்ட வினா நம் இழப்பைப் பற்றியதன்று.

2018 முதல் வேலைக் காப்புறுதித் திட்டம் நடைமுறையில் உள்ளது. முதலாளியும் தொழிலாளியும் தலைக்கு 0.2 விழுக்காடு செலுத்தும் அத்திட்டம், வேலை இழந்தவர்க்கு ஆறு மாதம் வரை உதவித்தொகை வழங்குகிறது. வரவேற்கத்தக்கதே. ஆனால் தோட்டங்கள் கலைந்த காலத்தில் இவ்வாறான காப்பு எதுவும் இருந்ததில்லை என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

வள்ளுவர் இருக்கும் இடம்

சட்டகத்தில் வந்து போகும் வள்ளுவரிடம் இனித் திரும்புவோம். சோம்பலைக் கடியும் குறள்களையே மாணவர் பெரிதும் எடுத்தாளுகின்றனர். 'மடியின்மை' அதிகாரம் அரசியலில் வருவது. ஆள்வோர்க்குரிய பண்பாகவே அது அங்கு வைக்கப்பட்டுள்ளது. பொருட்பாலின் இறுதிப் பகுதியில் உழவு, நல்குரவு, இரவு, இரவச்சம் என்று அதிகாரங்கள் தொடர்வதை நாம் மாணவர்க்குச் சுட்டுவதில்லை. தொழில், வறுமை, இரத்தல், இரக்க நேரும் அச்சம் என்னும் இவ்வைப்புமுறையே வேலை இழந்தவரின் அகநிலை பற்றிய ஒரு கட்டுரையாக அமைகிறது. நல்குரவு அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் கொடுமைகளுள் ஒன்று, வறியவர் நற்பொருளை நன்கு உணர்ந்து கூறினும் அச்சொல் எடுபடாமற் போவது என்பதாம். உண்மையில் வேலையின்மையின் மிக நுண்ணிய சமூக விளைவு இதுவே. மாணவி தம் பாட்டியைப் பற்றி நன்கு உணர்ந்து எழுதிய சொல்லுக்கு அந்நிலை நம் கையால் நேர்ந்தது.

வகுப்பறைக்குச் சில முன்மொழிவுகள்

தலைப்பைக் கைவிடுமாறு நாம் கூறவில்லை. அதை நம் மண்ணில் ஊன்றுமாறு வேண்டுகிறோம். முதலாவதாக, மாணவர் தம் குடும்பத்தின் மூத்தோரிடம் மூன்று வினாக்களைக் கேட்டு வரலாம்: எந்த வேலை, எவ்வாறு நின்றது, அதனோடு வேறு எவையெல்லாம் போயின? இரண்டாவதாக, சமூகச் சீர்கேடு பற்றி எழுதும் மாணவர், அதற்கு முன் ஒரு காரணத்தை ஆண்டோடும் இடத்தோடும் குறிப்பிட வேண்டும் என்று வற்புறுத்தலாம். மூன்றாவதாக, சட்டகத்துக்கு அப்பாற்பட்ட மெய்யான செய்திக்கு மதிப்பெண் குறையாதவாறு திருத்துவோர் உடன்பாடு கொள்ளலாம். தேர்வு நெருக்கடியில் இவை இயலுமா என்று ஆசிரியர் கேட்பது நியாயமே. தேர்வறையில் ஒரு பத்தியளவிலேனும் இயலும். அந்த மாணவி அதைச் செய்து காட்டியிருக்கிறார்.

முடிவுரை

தோட்டத் தமிழர் மும்முறை பெருமளவில் வேலை இழந்தனர். முதன்முறை அவர்கள் தாயகம் திரும்பியோர் ஆயினர். இரண்டாம் முறை அனுமதியற்றோர் ஆயினர். மூன்றாம் முறை நகர்ப்புற ஏழைகள் ஆயினர். ஒருமுறையேனும் அவர்கள் தம் இழப்பின் அளவுக்கு வேலையற்றோர் என்று எண்ணப்படவில்லை. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்து, வேலையின்மையால் இளைஞர் குண்டர் கும்பலில் சேர்கின்றனர் என்று மனப்பாடமாக எழுதுகின்றனர். தம் குடும்பத்துக்கு நேர்ந்ததைத் தம் குடும்பத்தின் குற்றமாக எழுத அவர்களைப் பழக்கியதில் நமக்கும் பங்குண்டு. நாம் சிவப்பு மையால் எழுதிய அக்குறிப்பை அழிப்பதற்கு அந்த விடைத்தாள் இப்போது நம்மிடம் இல்லை. அடுத்து வரும் விடைத்தாள்கள் உள்ளன.